நாடக நகையும் உவமையும்

நாடகம் காண்பாரை அழுவித்தல் அரிது, நகுவித்தல் எளிது என்று எண்ணுவார் பலர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அழுகைக்குக் கதை வேண்டும், கலை வேண்டும். நகைக்கோ ஒருவன் கால் இடறி வீழ்ந்தாற் போதும் என்பது எமது பழைய கொள்கை. அக்கொள்கை 2018ஆம் ஆண்டில், பழனி மலைத்தொடரின் மேல்மலைச் சிற்றூர் ஒன்றில், ஓரிரவில் உடைந்தது. அதே வாரத்தின் இறுதியில் மற்றோரிரவில் அதனினும் நல்லதொரு கொள்கை எமக்குக் கிடைத்தது. அஃது யாதெனின், நகைநாடகத்தின் சுவை கதையின்பால் மட்டும் இல்லை; அதன் சொல் பூண்டிருக்கும் அணியின்பாலும், சிறப்பாக உவமையின்பாலும் உள்ளது என்பதே. எம் பிழையால் யாம் கற்றதை எமக்குப் பின் மேடையேறும் மாணாக்க நண்பர்க்குக் கூறுதல் கடன் எனக் கருதி இக்கட்டுரையை வரையலாயினோம்.

அவ்வாண்டு குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை மலர்ந்து, விதை முதிர்ந்தபின் மடியும் அச்செடி, 2006ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் மலைச்சரிவுகளை நீலமாக்கியிருந்தது. நாட்டு நலப்பணித் திட்ட மாணாக்கர் யாம் ஏழு நாள் முகாமுக்காக மலையேறினோம். வத்தலகுண்டு கடந்து, வளைவுகள் பல திரும்பி, பெருமாள் மலை வழியாகக் கோடைக்கானல் சேர்ந்தோம். கீழ்நாட்டு வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷனார் 1845ஆம் ஆண்டில் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கிய ஊர் அது; 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு துரை அமைப்பித்த ஏரி அதன் நடுவே கிடக்கிறது. அவ்வூரில் யாம் தங்கவில்லை. அங்கிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில், படிப்படியாய் வெட்டிய வயல்களின் நடுவே, குழந்தை வேலப்பர் கோயில் கொண்டுள்ள பூம்பாறை இருக்கிறது. அதற்கும் அப்பாலுள்ள ஒரு சிற்றூரே எம் முகாம். பகலில் வாய்க்கால் தூர்வாருதலும் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தலும் எம் பணிகள். முதல் நாள் இரவு வள்ளி திருமணம் என்னும் நாடகமும், இறுதி நாள் இரவு வேறொரு நாடகமும் நடிப்பது ஏற்பாடு.

முருகன் வேடனாகவும் கிழவனாகவும் உருக்கொண்டு தினைப்புனம் காக்கும் வள்ளியைக் கவர்ந்த கதையை யாவரும் அறிவர். கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தின் இறுதிப் படலமாக அமைத்தது இக்கதை. அதனை நாடக மேடைக்கு உரிமையாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் ஆண்டிற் பிறந்து 1922ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியார், 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தோற்றுவித்தவர். அவர் வழியில் வந்த வள்ளி திருமணம் இன்றும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களிற் கோயில் திருவிழாத்தோறும் நடைபெறுகின்றது. ஸ்பெஷல் நாடகம் என வழங்கும் அம்முறையில், வெவ்வேறிடத்திலிருந்து தனித்தனியே அழைக்கப்பெறும் நடிகர், ஒத்திகையின்றி, ஆடும் இரவிலேயே ஒன்றுகூடி நடிப்பர். பாட்டுக்கள் பழகியவை, இடையே எழும் தருக்கமோ அவரவர் நாவன்மையால் அவ்வப்போது பிறப்பது. தெய்வக் கதையாயினும் இஃதொரு நகைநாடகமே. தள்ளாடும் கிழவர் தேனும் தினைமாவும் வேண்டி உண்டு, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டு, பின் பெண்ணையே கேட்பது நகைக்கன்றி வேறெதற்காம்?

இந்நாடகத்தை யாம் 'திருத்தி' அமைத்தோம். உவமையும் சிலேடையும் செய்யுளுக்கு உரியன. மேடைக்கு இயல்பான பேச்சே தகும் என்பது எம் துணிபு. கிழவரும் வள்ளியும் நிகழ்த்தும் நெடிய தருக்கத்தில் அணியென்று தோன்றிய அனைத்தையும் அடித்துவிட்டு, உரையாடலைப் புதிதாக எழுதினோம். கிழவர், "உன்னை மணக்க விரும்புகிறேன்" என்பார். வள்ளி, "போய்விடும்" என்பாள். கிழவர், "போகமாட்டேன்" என்பார். சிரிப்புக்கு யாம் நம்பியவை கிழவரின் இருமலும் தள்ளாட்டமும், வள்ளியின் தந்தையாகிய நம்பிராசனுக்கு யாம் கொடுத்த கொச்சைப் பேச்சும் ஆகும். உவமைகளை எல்லாம் களைந்த யாம் ஒன்றை மட்டும் களையாது வைத்தோம்: நம்பிராசனின் சுற்றத்தாரை மந்திக் கூட்டத்துக்கு ஒப்பிடும் ஒரு கேலி அது. கல்லூரி ஒத்திகையில் எல்லோரும் அதற்குச் சிரித்தனர்.

முதல் நாள் இரவு கோயில் முன்றிலில் ஊரார் கம்பளி போர்த்து அமர்ந்திருந்தனர். கிழவர் இருமி நுழைந்தபோது சிறுவர் சிரித்தனர். அத்துடன் சிரிப்பு முடிந்தது. கிழவர் ஓரடி முன்வைக்க, வள்ளியாக நடித்த எம் தோழி ஓரடி பின்வைத்தார். "போய்விடும்" என்றார்; கிழவர் போகவில்லை. மீண்டும் ஓரடி. முன்றில் முழுவதும் அமைதி. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து, "அந்தப் பிள்ளையை விடுங்கப்பா!" என்று உரக்கக் கூறினார். அது நாடகத்தில் ஈடுபட்டார் கூறும் கூற்றன்று. உண்மையான சினத்துடன் வந்த சொல். அதன்பின் நம்பிராசன் வந்து மந்திக் கேலியை மொழிந்தபோது ஒருவரும் நகவில்லை. ஆடவர் சிலர் எழுந்து சென்றனர். மணக்கோலத்துடன் நாடகம் முடிந்ததாயினும், அதை மணம் என்று கொள்ள யாருக்கும் மனமில்லை.

அன்றிரவு பள்ளிக் கட்டடத்தில் யாம் உறங்கவில்லை. மேல்மலை மக்கட்குச் சுவையறியும் திறம் இல்லை என்று எம்முள் ஒருவர் கூறினார். அதற்கு வள்ளியாக நடித்த தோழி, இதுவரை பேசாதிருந்தவர், "எனக்கே மேடையில் அச்சமாயிருந்தது. திருப்பிச் சொல்ல ஒரு சொல்லும் நீங்கள் எனக்குத் தரவில்லை" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது.

மறுநாள் காலை அவ்வம்மையாரைக் காணச் சென்றோம். அவர் தம் வயலில் வெள்ளைப்பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற கோடைக்கானல் மலைப்பூண்டு அதுவே. எம்மைக் கண்டதும் அமரச் சொல்லிச் சூடான தேநீர் வருவித்தார். பிறகு, "தம்பி, தப்பா நினைக்காதீங்க. எங்க பிள்ளைகள் தனியாத்தான் காட்டுக்குப் போகுதுங்க, பன்றி விரட்டப் பரணிலே தனியாத்தான் உட்காருதுங்க. ஒருத்தன் வந்து வழிமறிச்சா அது எங்களுக்கு விளையாட்டில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா எங்க பிள்ளை அப்படி ஊமையா நிற்காது. வாயாலேயே அவனை வந்த வழியே அனுப்பும்" என்றும் கூறினார். எங்ஙனம் அனுப்பும் என வினவினோம். கையிலிருந்த பூண்டைக் காட்டி, "தாள் சாய்ஞ்ச பூண்டு தரையிலே நிற்கக்கூடாது தாத்தா, கட்டித் தொங்கவிடணும், வாங்க பரணுக்குன்னு சொல்லும்" என்றார். சுற்றியிருந்த பெண்டிர் அனைவரும் நகைத்தனர். யாமும் எம்மை அறியாது நகைத்தோம்.

அந்நகையில் யாம் கல்லூரியில் ஏட்டளவாகப் படித்த தொல்காப்பியம் உயிர்பெற்று எழுந்தது. மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த ஆசிரியர், அது பிறக்கும் இடம் நான்கு என்பர்: எள்ளல், இளமை, பேதைமை, மடம். இவற்றுள் எள்ளலாவது தான் பிறரை இகழ்ந்து நகுதலும், பிறர் தன்னை இகழ்ந்தவழித் தான் நகுதலும் என இருபாற்படும் என்பது உரையாசிரியர் கருத்து. இவ்விரண்டாம் பகுதியை யாம் அதுவரை விளங்கிக் கொண்டதில்லை. இகழப்பட்டவன் எங்ஙனம் நகுவான்? பூண்டுத் தாளுக்கு ஒப்பிடப்பட்ட கிழவர் நகுவார். ஏனெனில், அவ்விகழ்ச்சி அவர்மேல் நேரே வந்து விழவில்லை. இருவர்க்கும் நடுவே பூண்டு என்னும் மூன்றாம் பொருள் ஒன்று வந்து நின்றது. இருவரும் அதனை நோக்கலாம். இருவரும் அதனைக் கண்டு நகலாம். "நீர் கிழவர்; போம்" என்பது வசை. தாள் சாய்ந்த பூண்டு என்பது விளையாட்டு. பொருள் ஒன்றே, தொனி வேறு.

இஃது உணர்ந்தபின் எம் முதலிரவின் பிழை தெளிவாயிற்று. வள்ளி திருமணத்திலிருந்து உவமையை நீக்கினால் எஞ்சுவது யாது? தனித்து நிற்கும் ஒரு பெண்ணை ஓர் ஆடவன் வழிமறித்துப் போகவிடாது தொந்தரவு செய்தல். இதில் நகைக்க ஒன்றுமில்லை. முன்னோர் இதனை நகைநாடகமாக்கியது சொல்லாற்றான். ஒருவர் ஓர் உவமை கூற, மற்றவர் அதனையே திருப்பி எறிய, தினைப்புனம் ஒரு பந்தாடு களமாகின்றது. அங்கே வலியாரும் மெலியாரும் இல்லை. சொல் வல்லாரே உளர். வள்ளிக்கு மறுமொழி உள்ளவரையில் அவள் இரை அல்லள், எதிராளி. யாம் அணி என்று கருதி அறுத்தெறிந்தவை வள்ளியின் கவசமும் வாளும் ஆகும்.

இயல்பான பேச்சுக்கு யாம் மேற்கோளாகக் கொண்டது பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதி. உரைநடையில் அமைந்த அவ்வரிய நகைநாடகம் 1941ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. அதனையும் யாம் ஊன்றி நோக்கவில்லை. எசமானன் வழக்குச் சொல்லாக ஒன்று கூற, வேலைக்காரன் அதன் நேர்ப்பொருளையே பற்றிக்கொண்டு மற்றொன்று செய்வதன்றோ அங்குச் சிரிப்புக்கு ஊற்று? வழக்குச் சொல் யாவும் ஒருகாலத்துத் தோன்றி மழுங்கிய உருவகங்களே. அவற்றை மீண்டும் கூர்தீட்டியே அவ்வாசிரியர் நகை விளைத்தார். எனவே, எளிய உரைநடை நாடகமும் அணியை விட்டு வாழவில்லை.

நிற்க. உவமை எல்லாம் நகையை இனிதாக்கும் என்று துணிதலும் பிழையே. யாம் களையாது வைத்த மந்திக் கேலியும் ஓர் உவமைதானே? உவமையின் நிலைக்களங்களைச் சிறப்பு, நலம், காதல், வலிமை என நான்காக வகுத்த தொல்காப்பியர், பொருளைக் கீழ்ப்படுத்துதலையும் ஐந்தாவதாக உடன் வைத்தார். கீழ்ப்படுத்தும் உவமை நகைக்கு உறவாதல் உண்டு; ஆயின், யாரை யார் கீழ்ப்படுத்துகிறார் என்பதே வினா. கீழ்நாட்டிலிருந்து ஏழு நாள் விருந்தாக வந்த யாம், தேனெடுத்தும் பயிரிட்டும் தலைமுறைகளாக அம்மலையில் வாழ்வாரை அவர்தம் முன்றிலிலேயே நின்று மந்தி என்றோம். அவர்கட்கு மறுமொழி கூறும் இடமும் வைக்கவில்லை. திரும்பி வரும் வழியற்ற உவமை கல்லெறிதல் போன்றது.

உவமை எந்நிலத்தினின்றும் எடுக்கப்படுகின்றது என்பதும் எண்ணத்தக்கது. கோடைக்கானலில் வட்டக்கானலை அடுத்து நீண்டு நிற்கும் ஒரு பாறைக்கு 'டால்பின் நோஸ்' என்று பெயர். கடல்வாழ் டால்பினின் மூக்கு என்பது பொருள். பெயரிட்டவர்க்கு அவ்வுவமை பொருத்தமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் கடலைக் காணாத மலைமகள் ஒருத்திக்கு அப்பெயர் எதனையும் காட்டாது. ஏட்டிற் படிப்பவன் விளங்காத உவமையை நின்று ஆராயலாம். பக்கத்தைத் திருப்பியும் பார்க்கலாம். நாடகம் காண்பவனுக்கு அவ்வசதி இல்லை. நகை மின்னல் போன்றது. பொருள் விளங்கும் கணத்தில் தோன்றாவிடின் பின் தோன்றாது. ஆதலின் மேடை உவமை கேட்போரின் வயலிலும் அடுப்பங்கரையிலும் இருந்தே வருதல் வேண்டும். அகப்பாட்டின் உள்ளுறை உவமம் அந்தந்த நிலத்துக் கருப்பொருளிலிருந்தே பிறக்க வேண்டும் என்று முன்னோர் விதித்ததன் காரணமும் இதனால் எமக்கு ஒருவாறு புலனாயிற்று.

இறுதி நாளுக்கெனக் குறித்த நாடகத்தைக் கைவிட்டோம். வள்ளி திருமணத்தையே மீண்டும் நடிப்பதென முடிவு செய்தோம். வள்ளியின் மறுமொழிகளை எழுதும் பொறுப்பைத் தோழியே ஏற்றார். நாள்தோறும் பணி முடிந்தபின் அவர் பூண்டு வயலுக்குச் சென்று அங்குள்ள பெண்டிருடன் இருந்து பேசி, இரவில் ஏடும் எழுதுகோலுமாக அமர்வார். நம்பிராசனின் கொச்சைப் பேச்சையும் மந்திக் கேலியையும் யாமே கிழித்தெறிந்தோம்.

ஏழாம் நாள் இரவும் முன்றில் நிறைந்தது. முதல் வரிசையில் அவ்வம்மையார் இருந்தார். முகத்தில் ஐயம் தெரிந்தது. கிழவர் வந்து, "பெண்ணே, என் நரை கண்டு அஞ்சாதே, இது மலையுச்சியில் தங்கிய மஞ்சு" என்றார். வள்ளி, "மஞ்சு தங்கினால் எங்கட்கு வழி தெரியாது, தாத்தா, உமக்கோ வழியும் தெரியவில்லை, வயதும் தெரியவில்லை" என்றாள். முதற் சிரிப்பு எழுந்தது. கிழவர் விடாது, "முதிர்ந்த தேன் மருந்தாகும் அன்றோ?" என, அவள், "தேன் முதிர்ந்தால் மருந்து. அடை முதிர்ந்தால் மெழுகு. நீர் எது என்று தேனீக்களைக் கேட்டு வாரும்" என்றாள். பூண்டுத் தாளும் பரணும் வந்தபோது பெண்கள் பக்கம் அதிர்ந்தது.

யாம் எதிர்பாராத நகை ஒன்றும் அன்று விளைந்தது. வள்ளி சலித்து, "கையில் ஒரு கோல், இடையில் ஒரு கோவணம், இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டா பெண் கேட்க மலையேறி வந்தீர்?" என்றாள். கிழவரை ஏழையென்று எள்ளவே தோழி இதனை எழுதினார். ஆனால் முன்றிலில் இருந்தோர் அனைவரும் பழனியாண்டவனின் அடியார். கையில் தண்டும் இடையில் கோவணமுமாக நிற்கும் அம்மூர்த்தியின் கோலம் அவர்கள் கண்முன் தோன்றிவிட்டது. வள்ளி அறியாது வைத வசை தெய்வத்துக்கு வாழ்த்தாக மாறிற்று. ஒருபால் பெருஞ்சிரிப்பு, ஒருபால் கூப்பிய கைகள். வஞ்சப்புகழ்ச்சி என்னும் அணிக்கு இலக்கணம் யாம் படித்ததுண்டு. அது நகையையும் பத்தியையும் ஒரே மூச்சிற் பிறப்பிக்கக் கண்டது அன்றுதான்.

தருக்கம் முடியும் தறுவாயில் கிழவர் தோற்றுத் தலையிற் கைவைத்து அமர்ந்தார். வள்ளி அடுத்த உவமைக்கு வாய் திறந்தாள். அப்போது முதல் வரிசையிலிருந்து அதே குரல் எழுந்தது: "போதும் பாப்பா, பாவம் கிழவரை விட்டிடு!" முன்றில் முழுவதும் கைகொட்டி நகைத்தது. முதல் நாள் அவர் அஞ்சியது பெண்ணுக்காக. ஏழாம் நாள் இரங்கியது கிழவருக்காக. கதை மாறவில்லை; மேடை மாறவில்லை; நடித்தவரும் மாறவில்லை. மாறியது சொல் பூண்ட அணி ஒன்றே.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர், 1897ஆம் ஆண்டில் நாடகவியல் என்னும் நூலை இயற்றி, நாடகத்துக்கும் தமிழில் இலக்கணம் வேண்டும் என்று காட்டினார். யாம் இலக்கணம் வகுக்கும் தகுதியுடையோம் அல்லோம். எனினும் நகைநாடகம் எழுதும் மாணாக்க நண்பர், ஓர் உவமையை எழுதும்போதும் அடிக்கும்போதும் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே வினாவுதல் நன்று. இவ்வுவமை யாருடைய நிலத்திற் பிறந்தது? இதனாற் சுடப்பட்டவர் தாமும் நகக் கூடுமா? இதற்கு மறுமொழி கூற அவர்க்கு இடம் உண்டா? இம்மூன்றனுக்கும் நல்ல விடை கிடைப்பின் நாடகம் எள்ளலினின்றும் நீங்கி இன்பமாகும்.

மலையிறங்கும் நாளில் அவ்வம்மையார் பூண்டுக் கட்டு ஒன்றைத் தோழியின் கையிற் கொடுத்து, "இதுக்குத் தாள் சாய்ஞ்சிருக்கு, பார்த்துத் தொங்கவிடு" என்றார். அன்று பூத்திருந்த குறிஞ்சி பின் விதையாகிச் சரிவுகளில் விழுந்து மறைந்தது. கணக்கின்படி 2030ஆம் ஆண்டில் மீண்டும் பூக்கும். அவ்வாண்டில் மேல்மலைக்குச் செல்லும் இளைய மாணாக்கர் அம்முன்றிலில் வள்ளி திருமணம் நடிப்பாராயின், வள்ளிக்கு நல்ல மறுமொழிகள் எழுதிக் கொடுப்பாராக.